எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்: ஒரு சிறுபாலத்துக்காகப் படியேறியவனின் மதிப்பீடு

2022 ஜனவரியிலிருந்து 2025 ஜூலை வரை எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஏழு முறை போய் வந்திருக்கிறேன். அவற்றில் ஐந்து முறை ஒரே வேலைக்காகச் சென்றேன்: எங்கள் ஊர்ப் பாசன வாய்க்காலின் குறுக்கே இடிந்து கிடந்த ஒரு சிறுபாலம். மற்ற இரண்டு முறை, ஆதாரில் முகவரி மாற்றுவதற்கும், உறுப்பினர் சட்டமன்றத்தில் பேசிய உரையின் நகல் கேட்பதற்கும் சென்றேன். தொகுதியின் பெயரையோ உறுப்பினரின் பெயரையோ அவருடைய கட்சியையோ நான் குறிப்பிடவில்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தாலும் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி மாறியிருக்காது என்பதுதான் காரணம். அலுவலகம் என்ற அளவில் அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, யாருக்குச் செய்கிறது என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறைக்கு முன்பு நாங்கள் வேறொரு தொகுதியில் இருந்தோம். கோட்டை மாற்றி வரைந்தபோது எங்கள் ஊராட்சியும் பக்கத்து நான்கு ஊராட்சிகளும் இந்தப் பக்கம் வந்து விழுந்தன. வட்டாட்சியர் அலுவலகமும் சந்தையும் மேல்நிலைப் பள்ளியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. ஆகவே பட்டாவுக்கு ஒரு திசையிலும் சட்டமன்ற உறுப்பினருக்கு எதிர்த்திசையிலும் போக வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். எங்கள் ஊரில் வயதானவர்கள் பலர் இன்றும் பழைய தொகுதியின் பெயரைத்தான் 'நம்ம தொகுதி' என்கிறார்கள். தேர்தல் முடிவு வரும் நாளில் அவர்கள் தொலைக்காட்சியில் முதலில் தேடுவதும் அந்தப் பெயரைத்தான்.

அலுவலகம் அரசு கட்டிக் கொடுத்த ஒற்றைத் தளக் கட்டடம். முன்கூடத்தில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு குடிநீர்த் தொட்டி, சுவரில் தலைவர்களின் படங்கள், உள்ளே உறுப்பினரின் அறை, பக்கவாட்டில் இ-சேவை மையமாக இயங்கும் ஒரு சிறிய அறை. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். நான் போன எந்த நாளிலும் தாமதமாகத் திறந்து பார்க்கவில்லை. உறுப்பினர் ஊரில் இருக்கும் நாளில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். இல்லாத நாளில் ஆறேழு பேர் இருப்பார்கள். வேலை நடக்க வேண்டுமென்றால் அவர் இல்லாத நாளில் போவதே நல்லது என்பதை மூன்றாம் முறைதான் புரிந்துகொண்டேன். அவர் இருக்கும் நாளில் மனு அவர் கைக்குப் போகும், அவர் பக்கத்தில் நிற்பவர் கைக்கு மாறும், அதன்பின் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இல்லாத நாளில் அது நேராகப் பதிவேட்டுக்குப் போகும்.

இந்த அலுவலகத்தை நான் பாராட்டுவதற்கு முதன்மையான காரணம் அந்தப் பதிவேடுதான். அறுபது வயதைக் கடந்த ஓர் உதவியாளர் அதை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரைக் 'கணக்கய்யா' என்கிறார்கள். நீளவாக்கில் கோடு போட்ட தடித்த அட்டைப் புத்தகம். வரிசை எண், தேதி, பெயர், ஊர், பாகம் எண், மனுவின் பொருள், அனுப்பிய துறை, அனுப்பிய தேதி, பதில் என்று ஒன்பது கட்டங்கள். மனுவின் இரண்டாம் பிரதியில் வரிசை எண்ணை எழுதி, முத்திரை குத்தி, நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எண்பது பக்கம் தள்ளி இருந்தாலும் அந்த எண்ணைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கணினியில் பதிந்து ரசீது தருகிறார்கள். ஆனால் அந்த ரசீதை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்பது புலப்படாது. இங்கே கேட்பதற்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் பெரும்பாலும் 'இன்னும் வரலிங்க அய்யா' என்றுதான் சொல்கிறது என்றாலும், சொல்வதற்கு முன் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது.

இனி எங்கள் பாலத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் மழையில் அதன் ஒரு பக்கச்சுவர் சரிந்து, நடுவில் குழாய் உடைந்து, மேலே மண் உள்வாங்கியது. ஆள் நடக்கலாம், மிதிவண்டி போகலாம். டிராக்டரோ கதிர் அறுக்கும் இயந்திரமோ போக முடியாது. அக்கரையில் எங்கள் ஊராருக்கு நிலம் இருக்கிறது. அந்த ஆண்டு சம்பா அறுவடைக்கு இயந்திரத்தை மூன்று கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோனோம். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் சுற்றும் நேரத்துக்கும் சேர்த்தே கொடுத்தோம். 2022 ஜனவரியில் முதல் மனு கொடுத்தேன். சாலை ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம். வாய்க்காலோ பாசனத்தைப் பார்க்கும் துறைக்குச் சொந்தம். ஒன்றியத்தில் கேட்டால் வாய்க்காலின் குறுக்கே கட்டத் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். பாசனத்தின் உட்கோட்ட அலுவலகத்தில் கேட்டால் பாலம் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். ஓராண்டுக்கும் மேலாக இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நாங்கள் இருந்தோம்.

2022 ஆகஸ்டில், ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தன் தொகுதியின் நீண்டநாள் கோரிக்கைகளில் முதன்மையான பத்தைப் பட்டியலிட்டு அனுப்புமாறு முதலமைச்சர் கேட்டிருந்தார். செய்தியைப் படித்துவிட்டு ஆவலோடு இரண்டாம் முறை போனேன். 'பத்துன்னா பெரிய வேலைங்க அய்யா. ரயில்வே மேம்பாலம், கல்லூரி, குடிநீர்த் திட்டம் மாதிரி' என்று கணக்கய்யா பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது சரிதான். மூன்று லட்சம் பேருக்குப் பத்து வேலை என்றால் அதில் ஐம்பது வீட்டுக்காரர்களின் பாலம் எப்படி இடம்பெறும் என்று திரும்பும் வழியில் நானே கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் முறை, 2023 ஆகஸ்டில், உறுப்பினரையே பார்க்க முடிந்தது. நான் பேசியது இரண்டு நிமிடம். அவர் மனுவைப் படிக்கவில்லை. 'சிக்கல் எங்க நிக்குது?' என்று மட்டும் கேட்டார். தடையின்மைச் சான்று என்றேன். அங்கேயே தொலைபேசியில் உட்கோட்டப் பொறியாளரை அழைத்து, வேறெதுவும் பேசாமல், 'அந்தச் சான்றைத் தர முடியுமா, முடியாதுன்னா ஏன்னு எழுதிக் கொடுங்க' என்றார். மூன்று வாரத்தில் சான்று வந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினரால் செய்ய முடிந்த மிகப் பயனுள்ள செயல் இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது; இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. எழுத்தில் மறுக்க எந்த அலுவலகமும் தயங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பெற எனக்கு ஒன்றரை ஆண்டும் மூன்று பயணங்களும் ஆயின. அந்தப் பொறியாளரிடம் அதே கேள்வியை நானே எழுத்தில் கேட்டபோது பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன்பின் பணம். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருகிறார், உள்ளாட்சியோ துறையோ வேலையைச் செய்கிறது. எங்கள் பாலத்தின் மதிப்பீடு பத்து லட்சத்துக்குள் அடங்கியது. 2023 நவம்பரில் பரிந்துரை போய்விட்டதாகக் கணக்கய்யா தொலைபேசியில் தெரிவித்தார். 2024 மார்ச் முதல் வாரத்தில் ஒப்புதல் வந்தது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் காலம் அது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படும். இடைப்பட்ட மாதங்களில்தான் வாய்க்காலுக்குள் இறங்கி வேலை செய்ய முடியும்.

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அந்த நிமிடமே நடத்தை விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. நான்காம் முறையாக நான் போனபோது அலுவலகத்தின் கதவில் பூட்டும், பூட்டின் மேல் துணி சுற்றிய அரக்கு முத்திரையும் இருந்தன. ஒப்புதல் பெற்றிருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தேர்தல் முடியும்வரை தொடங்கக் கூடாது என்பது விதி. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே ஒரே கட்டமாக வாக்களித்து முடித்துவிட்டோம். ஆனால் நாடு முழுவதும் ஏழு கட்டம் நடந்து, ஜூன் 4 அன்று எண்ணி முடித்து, அதற்குப் பிறகுதான் விதிமுறைகள் விலகின. விதியின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வாக்குக் கேட்கும் வாரத்தில் பாலம் கட்டத் தொடங்குவது என்ன விளைவைத் தரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்களித்து முடித்த மாநிலத்தில், வாய்க்கால் வறண்டு கிடந்த ஆறு வாரத்தில், ஓர் உடைந்த குழாயை மாற்றக்கூட வழியில்லாமல் போனதற்கு யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியவில்லை. மனு வாங்கும் இடமும் பூட்டித்தான் இருந்தது.

அந்த ஆண்டு மேட்டூரில் நீர் இல்லாததால் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். குறுவை போனவர்களுக்கு அது பேரிழப்பு. எங்கள் பாலத்துக்கு மட்டும் ஏழு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. ஒப்பந்தப்புள்ளி கோரி, வேலை உத்தரவு கொடுத்து, ஜூலை நடுவில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். குழாய் பதித்து மேல்தளம் போட்ட நிலையில் தண்ணீர் வந்து சேர்ந்தது. பக்கச்சுவர்களையும் இருபுறச் சரிவுச் சாலையையும் 2025 கோடையில் முடித்தார்கள்.

இத்தனை தாமதத்தையும் அந்த அலுவலகத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 1967 தேர்தலில் 234 இடங்கள், இன்றும் 234தான். 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி இடங்களின் எண்ணிக்கை உறைய வைக்கப்பட்டது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அது மாறாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. 1971இல் மாநிலத்தின் மக்கள்தொகை 4.12 கோடி, ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக 1.76 லட்சம் பேர். 2011இல் 7.21 கோடி, சராசரி 3.08 லட்சம். பேரன் காலத்துக் கூட்டத்தைத் தாத்தா காலத்துக் கவுண்டர்களே கவனித்துக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர் நல்லவரா, சுறுசுறுப்பானவரா என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஒரு மனிதர் மூன்று லட்சம் பேருக்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள் செய்ய முடியும் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை.

நிதியிலும் இதே கோணல் இருக்கிறது. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூர்த் தொகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். சென்னையிலேயே உள்ள துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் அதே 3 கோடி என்றால், ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்குச் சோழிங்கநல்லூரில் சுமார் 43 ரூபாய், துறைமுகத்தில் 160 ரூபாய்க்கும் மேல். தொகுதி சிறியதாக இருந்தால் சேவையின் தரம் தானாகவே உயர்ந்துவிடுகிறது. எங்கள் தொகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எனக்குப் பாலம் கிடைத்தது என்றே கருதுகிறேன்.

இப்போது என் முதன்மையான குறைக்கு வருகிறேன். பதிவேட்டில் ஐந்தாம் கட்டம் 'பாகம் எண்' என்று குறிப்பிட்டேன் அல்லவா? வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் உரிய எண் அது. முதல் முறை கணக்கய்யா கேட்டபோது எனக்கு நினைவில்லை. அவரே ஊரையும் தெருவையும் கேட்டு, மேசை இழுப்பறையில் இருந்த தட்டச்சுத் தாள்களைப் புரட்டி, எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டார். முகவரியைச் சரிபார்க்கிறார் என்று எண்ணினேன். மூன்றாம் முறை அவர் தேநீர் குடிக்க எழுந்தபோது அந்தத் தாள்களை எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பாக எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேட்பாளர்களின் பெயர்களும் அவர்கள் பெற்ற வாக்குகளும் இருந்தன. எங்கள் பாகத்தின் வரிசையில் பச்சை மையால் ஒரு சிறு குறி.

அது ரகசிய ஆவணம் அன்று. தேர்தல் நடத்தும் அலுவலர் நிரப்பும் படிவம் 20 அது. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்பதைச் சொல்லும், யார் வேண்டுமானாலும் பெறலாம். வாக்கு இயந்திரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுவதால் இந்த விவரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்த பின் எண்ணுவதற்கு விதியில் இடம் இருந்தது. இயந்திரங்களின் எண்ணிக்கையையும் அவ்வாறே சேர்த்துக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஆனாலும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆயிரம் பேர் வாக்களிக்கும் ஒரு சாவடியில் தனி மனிதரின் வாக்கு ரகசியமாக இருக்கலாம். தெருவின் வாக்கு ரகசியம் அன்று. எங்களைப் போன்ற ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதியையும் குறிப்பதால், அந்தப் பச்சைக் குறி எதை எதைச் சொல்லக்கூடும் என்று விளக்கத் தேவையில்லை.

எங்கள் பாகத்துக்கான குறி நல்ல குறியா கெட்ட குறியா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. எங்கள் மனு முன்னே நகர்ந்ததற்கோ பின்னே தங்கியதற்கோ அது காரணம் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அந்த அலுவலகத்தில் யாரும் என்னிடம் எந்தக் கட்சி என்று கேட்டதில்லை, காசும் கேட்டதில்லை. ஆனால் சான்று இல்லை என்பதே குறைதான். மனு கொடுப்பவன் தன் வேலை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டத்தை நினைத்துக்கொள்கிறான். என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பெரியவர், கணக்கய்யா கேட்கும் முன்பே, 'நாங்கல்லாம் நம்ம ஆளுங்கதான்' என்று தானே முன்வந்து சொன்னார். குடிநீர்க் குழாய்க்காக வந்தவர் அவர்.

மற்ற சேவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதாரில் முகவரி மாற்றுவதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் சட்டமன்ற உறுப்பினரின் கையொப்பம் ஏற்கப்படும். அதற்காகப் போன அன்று இ-சேவை அறையில் இருந்த பெண் படிவத்தைப் பத்து நிமிடத்தில் சரியாக நிரப்பிக் கொடுத்தார். கையொப்பம் மறுநாள் கிடைத்தது. இதில் குறையே இல்லை. அதே நாளில் என் மகளின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது பற்றிக் கேட்டேன். அது இந்த அலுவலகத்தின் வேலை அன்று, படிவம் 6ஐ இணையத்தில் நிரப்பலாம் அல்லது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம் என்றும், 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு முதல் தேதிகளில் எதில் 18 வயது நிறைந்தாலும் சேரலாம் என்றும் அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். அருகில் நின்ற கரைவேட்டிக்காரர் ஒருவர், 'எங்கிட்ட குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்' என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. அரசுக் கட்டடத்தில் அரசின் சேவை எங்கே முடிகிறது, கட்சியின் சேவை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் கோடு அந்த அறையில் இல்லை. அந்தப் பெண்ணின் மனத்தில் மட்டும் இருந்தது.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோர்தான் அதிகம்: கல்லூரி இடம், பணியிட மாறுதல், மருத்துவமனையில் படுக்கை. கடிதம் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் பயன் எவ்வளவு என்று கணக்கய்யாவிடம் ஒருநாள் கேட்டேன். 'கொண்டு போறவங்களுக்குத் தைரியம் வரும்' என்றார். நேர்மையான பதில்.

இந்த அலுவலகம் முற்றிலும் தோற்கும் இடம், அதன் பெயரிலேயே உள்ள வேலை. 2025 மே மாதம், நிதிநிலைக் கூட்டத்தொடர் முடிந்திருந்த நேரத்தில், துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்களில் எங்கள் உறுப்பினர் பேசியவற்றின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார்கள், நான் நம்புகிறேன். இளைஞர் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. பின்னணி இசை சேர்த்தது. அதில் பாதி நேரம் வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி. மீதியில் ஒரு பேருந்து நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை. 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகிறது. அதில் அவர் ஏதேனும் கேட்டிருந்தால் எந்த நாளில் என்ற குறிப்பாவது உண்டா என்றேன். இல்லை. எந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கிறார் என்று கேட்டதற்கு, 'இருக்காருங்க' என்ற அளவில் பதில் வந்தது.

வாக்களிப்பு விவரம் கேட்டிருந்தால் அதற்கும் பொருள் இருந்திருக்காது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவி இழக்க நேரிடும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. எங்கள் சார்பில் அவர் 'ஆம்' என்றாரா 'இல்லை' என்றாரா என்பது ஒலிப்பதிவிலும் பிரித்தறிய முடியாத ஒன்று. ஆனால் கேள்வி கேட்பதையும், அந்த நிதியைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பதையும், அரசு அவையில் கொடுத்த உறுதிமொழியைத் துரத்துவதையும் கட்சித்தாவல் சட்டம் தடுக்கவில்லை. வாய்க்காலுக்கும் சாலைக்கும் இடையில் தடையின்மைச் சான்று சிக்கிக்கொள்வது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. படுகை முழுவதும் சிறுபாலங்கள் இப்படித்தான் தொங்குகின்றன. எங்கள் பாலத்துக்காக ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்த அதே மனிதர், எல்லாப் பாலங்களுக்குமாக ஒரு கேள்வியை அவையில் எழுப்பியிருக்கலாம். அவர் செய்யவில்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. செய்தாரா என்று அறிய அவருடைய அலுவலகத்தில் வழியில்லை. உதவியாளர்கள் மீது வருத்தமில்லை. பேருந்து மாறி வந்து நாங்கள் கேட்பதெல்லாம் குழாயும் கடிதமும் என்றால், அவர்கள் எதற்கு உரைகளைச் சேர்த்து வைக்கப்போகிறார்கள்?

அன்று கூட்டம் வழக்கத்தைவிட இரு மடங்கு இருந்தது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில், எங்கள் மாவட்டம் உட்பட, ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்துபோனது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஊரில் கேட்க ஆளில்லாமல், மக்கள் நேராகச் சட்டமன்ற உறுப்பினரிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். கணக்கய்யாவின் பதிவேடு மூன்று மாதத்தில் ஒன்று தீர்ந்துபோகிறதாம். முன்பு ஓராண்டுக்கு வந்தது.

போக விரும்புவோருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்: மனுவை ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம், வேலை எந்தத் துறையில், எந்த மேசையில் நிற்கிறது என்பதை முன்பே விசாரித்து முதல் வரியில் எழுதுங்கள், இரண்டு பிரதி கொண்டுபோய் எண் வாங்காமல் திரும்பாதீர்கள், தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய மாதங்களைக் கணக்கிட்டு, வேலை அதற்கு முன் களத்தில் தொடங்கும்படி விரட்டுங்கள். கட்சிக்காரர் யாரையும் துணைக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. மனு நிர்வாகத்துக்கு ஐந்தில் நான்கு, தொகுதி நிதிக்கு மூன்று, சட்டமன்றப் பணியைத் தெரிவிப்பதற்குப் பூஜ்யம் என்று நான் மதிப்பெண் தருவேன்.

ஏழாம் முறை, 2025 ஜூலையில், வேலை முடிந்ததைச் சொல்லப் போனேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உறுப்பினரின் பெயரும் நிதியாண்டும் பொறித்த கல் பதிக்கப்பட்டிருந்தது. கணக்கய்யா மூன்றரை ஆண்டுக்கு முந்தைய புத்தகத்தை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டி, என் எண்ணுக்கு எதிரே 'நிறைவேறியது' என்று எழுதித் தேதியிட்டார். நான் எழுந்தபோது அக்கரையில் மின்கம்பம் ஒன்று சாய்ந்திருப்பது நினைவுக்கு வந்து, அதையும் சொன்னேன். அவர் புதிய புத்தகத்தைத் திறந்தார். பெயரையும் ஊரையும் கேட்கவில்லை. பாகம் எண்ணையும் கேட்கவில்லை. நினைவிலிருந்தே எழுதிக்கொண்டார்.